அனுச்சா, மூன்றாம் ஜன்னல்

இரண்டு ஆறுகள் கலக்கும் நக்கோன் சவானில்
பெயர் மாற்ற வருகிறவர்கள்
வட்ட அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் நிற்க வேண்டும்.
கட்டணம் ஐம்பது பாட். நகலுக்குத் தனி.

கடன் அடையாத டயர்க் கடைக்காரர்
இன்று முதல் தனபூம்.
மூன்று முறை கரு தங்காதவள்
புதன்கிழமைக்கு ஆகாத எழுத்தொன்றைப்
பெயரிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறாள்.
அனுச்சா முத்திரை குத்துகிறான்.
மேசையில் திறந்தே கிடக்கிறது அகராதி,
மின்விசிறிக்குப் பறக்காதிருக்க
மேலே ஒரு ஸ்டேப்ளர்.

மழை பெய்து யாருமே வராத ஒரு மதியம்
முப்பத்தெட்டு வயதில்
தன் பெயரைப் பிரித்துப் பார்த்தான்.
தம்பி என்று பொருள், அது பள்ளியிலேயே தெரியும்.
அரண்மனைச் சொல்.
தெருவில் தம்பிக்கு நோங் போதும்.
தெரியாமலிருந்தது அதன் எலும்பு.

அனு: பின்.
ஜ: பிறந்த.
(கடல் தாண்டிய ஜ
அவர்கள் வாயில் கொஞ்சம் உலர்ந்து
ச்ச ஆகியிருக்கிறது.)

வனஜா காட்டில் பிறந்தாள்.
ஜலஜா நீரில்.
பங்கஜத்துக்குச் சேறாவது இருந்தது.
இவனுக்குப் பிறந்த இடமே இல்லை,
பின்னால் என்கிற திசை மட்டும்.

யாருக்குப் பின்னால்?
வீட்டில் இவன் ஒருவன்.

கணினிக்கு முந்திய பதிவேடுகள்
மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்தோடு.
கதவு எண் நாற்பத்தேழின் கீழ் இரண்டு.
இவன் பெயருக்கு மேலே ஒரு வரி:
ஆண் குழந்தை.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.
வரி முழுக்கச் சிவப்பு மை.
இரு தேதிகளுக்கும் நடுவே பதினொரு நாள்.

அவன் அந்தத் தாளை நகலெடுக்கவில்லை.
அதற்கும் கட்டணம் உண்டு என்று
ஏனோ நினைத்துக்கொண்டான்.

இரவு மீன் உருண்டை உருட்டிக்கொண்டிருந்த
பூன்ருவான், அவன் அம்மா,
கையை நிறுத்தவில்லை.
‘அவன் ரொம்ப அழகு.
யாரோ வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள்.
காத்திருந்த பேய்க்குக் காது கேட்டுவிட்டது.
அதனால்தான் உன்னை மூ என்றே கூப்பிட்டோம்.’

மூ என்றால் அங்கே பன்றி.

கொஞ்சம் உருட்டிவிட்டு,
‘ஒருவன் வந்து போனான் என்பது
எங்கேயாவது எழுதியிருக்கட்டும் என்று கேட்டேன்.
பிக்கு இந்தப் பெயரைத் தந்தார்.
நல்ல பெயர்தானே?’

மூ என்றால்
இதை எழுதுகிற என் மொழியில்
மூத்திருத்தல்.
அடையாள அட்டையில் தம்பி,
அம்மா சாப்பிடக் கூப்பிடும்போது அண்ணன்.
அவனிடம் இதைச் சொல்லியிருப்பேன்.
அவன் தாய்மொழி எனக்கு வராது.

பாத்திரம் கழுவும்போதுதான் அவள் கேட்டாள்:
‘எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது?’
‘பதினொன்று.’
‘நான் பன்னிரண்டு என்று வைத்திருந்தேன்’ என்றாள்.
முந்தானை இல்லாத தேசம்.
சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்தாள்.

பதினாறாம் தேதிக் குலுக்கலுக்கு
பதினொன்றில் முடியும் சீட்டு இரண்டு வாங்கினாள்,
ஒன்று எண்பது பாட்.
விழவில்லை.
ஒன்றாம் தேதிக்கும் அதே எண்ணைத் தேடி
பஸ் நிலையம் வரை நடந்தாள்.