கடைசி நாலு செக்கன்

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வெளியிட்டார்கள்.
கொழும்பில் கேக் வெட்டினார்களாம்.
ஹட்டனில் அந்நேரம் மழை.
போடைஸ் பஸ்காரன்தான் முதலில் போட்டான்,
பிறகு நோர்வூட், பிறகு மஸ்கெலியா.
ஸ்டாண்டில் நின்ற மூன்று பஸ்ஸிலும்
ஒரே பாட்டு மூன்று இடத்தில் ஓட,
செத்து ஐந்து மாதமான ரெஜினி
தன்னைத்தானே துரத்திக்கொண்டு
டவுனைச் சுற்றினாள்.

பாமசிக்கு மேல்மாடியில் என் அறை.
ஸ்டூடியோ என்று போர்ட் போட்டிருக்கிறேன்.
முட்டை அட்டை ஒட்டிய சுவர், ஒரு மைக்,
தவணை முடியாத லெப்டொப்.
கார்த்திகையில் ஒரு செவ்வாய் ராத்திரி
இங்கேதான் பாடினாள்.
'இது சும்மா ட்ரையல்.
நல்லதக் கொழும்புல பாடிக்கிறேன்.'

இரண்டாவது சரணத்துக்கு வரியே இல்லை,
எழுத நேரமில்லை அவளுக்கு.
லல்லல்லா என்று நிரப்பிக்கொண்டே போனாள்.
பாதியில் கரண்டு போனது.
பேட்டரியில் இருபத்துமூன்று வீதம்.
நிப்பாட்டாதே என்று
திரை வெளிச்சத்தில் கையை ஆட்டினாள்.
தகரத்தில் மழை அதன் பாட்டுக்கு அடிக்க
முடித்தாள்.
மூச்சு விட்டாள்.
'கரண்டு வந்துருச்சா?'

'இன்னும் இல்ல' என்றேன்.
அதுவும் பதிந்திருந்தது.

பிறகு கொழும்பு. நுளம்பு. காய்ச்சல்.
பிளேட்லெட் எண்ணிக்கையை
மணிக்கொருதரம் அனுப்பினான் அவள் அண்ணன்.
அடக்கம் முடிந்து நாற்பதாம் நாள்
பென்டிரைவ் கேட்டு வந்தவனும் அவன்தான்.
கொடுத்தேன்.
ஆஸ்பத்திரிக் கடன் எவ்வளவென்று
எனக்குத் தெரியும்.

கொம்பனிக்காரர்கள் எட்டு வயலின் சேர்த்தார்கள்.
லல்லல்லாவை அப்படியே விட்டார்கள்.
'சொல் தீர்ந்த இடம்' என்று போஸ்டரில் போட்டார்கள்.
மழையை அழிக்க முடியவில்லை.
'மழை எஃபெக்ட் பிரமாதம்' என்கிறார்கள் இப்போது
எனக்குத் தெரிந்த கீபோட்காரர்கள் எல்லோரும்.
கேள்வியையும் வைத்துக்கொண்டார்கள்.
என் பதிலை மட்டும் வெட்டிவிட்டு
அந்த நாலு செக்கனுக்கு
எதிரொலி ஊற்றியிருந்தார்கள்.
வந்துருச்சா, ருச்சா, சா.

ஞாயிறு பூசையில் எமிலியன் ஃபாதர் சொன்னார்,
நித்திய ஒளியைத் தேடிய ஆன்மாவாம்.
இன்னும் வயர் இழுக்காத லயன்களுக்காக
அவள் கேட்ட கேள்வி என்றார் சங்கத் தலைவர்.
கேட்டிருப்பாள், கேட்கக்கூடியவள்தான்.
அன்றைக்குக் கேட்டது போன் சார்ஜுக்கு.
தேயிலையின் குரல் என்றது டீவி.
தேத்தண்ணியை வாயில் வைக்க மாட்டாள்,
நெக்டோதான்.
ஓட்டோக்களின் முதுகில்
சிவப்பு எழுத்தில் ஸ்டிக்கர் வந்துவிட்டது:
கரண்டு வந்துருச்சா.
வளைவுக்கு வளைவு என் முன்னால் போய்
என்னைக் கேட்கின்றன.

யாருக்கும் நான் சொல்லவில்லை.
சொன்னால் என்ன ஆகும்?
ஒரு பாட்டின் கடைசியில்
ஒருத்தன் கீபோட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்,
அவ்வளவுதானே.

செவ்வாய்க்கிழமை குவைத்திலிருந்து அழைத்தார்
அவள் அம்மா, செலஸ்டினா.
அடக்கத்துக்கு டிக்கெட் கிடைக்காதவர்.
அழவில்லை.
பின்னால் யாரோ வீட்டில்
பாத்திரம் கழுவும் மெஷின் ஓடியது.
'தம்பி, நூறு தடவையாச்சும் கேட்டேன்.
பாட்டு நல்லாத்தான் இருக்கு.
கடைசியா அவ யார்கிட்ட கேக்குறா?'
'என்கிட்டத்தாம்மா.'
'நீ என்னா சொன்ன?'

மெஷின் ஒரு சுற்று முடித்து
அடுத்த சுற்றைத் தொடங்கியது.

'வந்துருச்சுன்னு சொன்னேம்மா.'

'ஆங்' என்றார்.
'அப்ப சரி.'
மேடம் கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டார்.

ஒன்பதரைக்குக் கடைசி போடைஸ் பஸ்
சன்னலுக்குக் கீழே
கேட்டுக்கொண்டே போனது.
அறையில் வெளிச்சம் இருந்தது.
எழுந்து போய் அணைத்தேன்.