எண்ணூற்றி எழுபத்திரண்டு

அட்டைப்பெட்டியில் ஏழாயிரம் என்று போட்டிருந்தது,
சாய்ந்த தங்க எழுத்தில்.
திரையில் எண்ணூற்றி எழுபத்திரண்டு.
இன்னொரு தரம் ஓட்டினேன்: எண்ணூற்றி அறுபத்தொன்பது.
மூன்றாம் தரம் ஓட்டும்போது
கெசியா ஃபேனை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்,
காற்றில் எண் கலைந்துவிடும் என்பதுபோல.

"டூப்ளிகேட்டாக்கா?"

இல்லை. டிஸ்க் அசல்தான்.
ரிச்சி தெரு பில்லை
ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருக்கிறாள்:
பதினோராயிரத்து நானூறு.
வியாசர்பாடி மைதானத்தில் ஞாயிறுதோறும்
கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் வெயிலில் நின்று
மேட்ச் படமெடுத்து,
டீமுக்கு ஐந்நூறு என்று சேர்த்தது.
ரெண்டு டீம் இன்னும் தரவில்லை.

கம்ப்யூட்டர் டிபன் பாக்ஸ் அளவு.
டிவிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.
அடிப்பலகையைக் கழற்றினேன்:
விரல் நீளக் காற்றாடி, தூசி, செத்த எறும்பு.
டிஸ்க்கை உருவிவிட்டு
செல்போன் வெளிச்சத்தில் ஸ்லாட்டைப் பார்த்தேன்.
பொன் முலாம் பூசிய பல்வரிசை
ஒன்று குறையாமல் இருந்தது.
நாலு தடத்துக்கான வாய்.
அதன் பின்னே போர்டில் ஓடும் செம்போ
ஒரு தடத்துக்குத்தான்.

கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் வரைந்து காட்டினேன்.
இந்தச் சிப்புக்கு மொத்தமே ஒன்பது தடம், கெசியா.
நெட் வயருக்கு ரெண்டு துவாரம், ரெண்டு தடம்.
வைஃபைக்கு ஒன்று.
நீ ஒருநாளும் எதையும் செருகாத
இன்னொரு ஸ்லாட்டுக்குச் சில.
பெட்டியைச் செய்தவன் பங்கு பிரித்ததில்
உன் டிஸ்க்கின் இலையில் விழுந்தது ஒன்று.

அவள் படத்தையே பார்த்தாள்.
"அப்ப டிஸ்க்குக்காரன் ஏமாத்தல.
பொட்டிக்காரனும் ஏமாத்தல.
என் காசு மட்டும் பூட்ச்சு.
சூப்பர்க்கா."

பிறகு அவளே சொன்னாள்:
"எங்க அண்ணன் ட்ரெய்லரு மாதிரி.
வண்டி இன்னா ஸ்பீடு போனா இன்னா,
ஹார்பர் கேட்டு ஒண்ணுதானே."
ஆமாம் என்றேன்.
ஆனால் எண்ணூர் ரோட்டில் வண்டி நின்றால்
அடியில் ஸ்டவ் பற்றவைக்கிறார்கள்,
துணி காய்கிறது, சீட்டு விழுகிறது,
இட்லிக்காரம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.
இதற்குள் யாரும் நிற்கவில்லை.
டிஸ்க் கேட்டதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறது.
நிற்பது நீதான், நாற்காலியில்.

ஆறுதலுக்கு ஒன்று சொன்னேன்.
மலைபோல் அள்ளும்போதுதான் நெரிசல்.
சின்னச் சின்னதாய்க் கேள்,
ஒரு தடமே தாராளம்.
போன வார மேட்ச்சைத் திறந்தாள்.
நாற்பத்தேழாவது நிமிஷம்:
ஒன்பதாம் நம்பர் தலையால் முட்டுகிறான்.
தொட்டதும் வந்து நின்றது
பந்து, கம்பத்தில் பட்ட இடத்திலேயே.
"பழைய டிஸ்க்குலயும் இப்டித்தானேக்கா வந்துச்சி?"

ஆமாம்.
அதற்கு மேல் பொய் சொல்ல
எனக்குத் தெரியவில்லை.

காசு வாங்கவில்லை. டீ குடித்தேன்.
ரெண்டு பட்டர் பிஸ்கட்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
எனக்கு முன்னால் மீன்பாடி வண்டி, மூன்று ஆட்டோ,
வாட்டர் கேன் ஏற்றிய ஸ்கூட்டி.
கூட்ஸ் வந்தது. பெட்டி பெட்டியாக.
முப்பத்தெட்டு வரை எண்ணினேன்.
சில்லறைக்காகப் பையில் கைவிட்டபோது
எள்ளுருண்டையின் எள் போல ஏதோ விரலில் குத்தியது.

டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் ஸ்குரூ.

உடனே போன் அடித்தது.
"யக்கா, டிஸ்க்கே இல்லன்னு சொல்லுதுக்கா."
மூடியை வேகமாய் மாட்டியிருக்கிறேன்.
உள்ளே அது மெல்ல எம்பி
ஒரு நுனி தூக்கி நிற்கும் இந்நேரம்,
ஏழாயிரமும் தனக்குள் வைத்துக்கொண்டு.

வரேன் என்றேன்.
திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் ஒரு லாரி, ஒரு டிராக்டர்,
அதற்கும் பின்னால் ஹாரன் மட்டும்.
ஸ்குரூவை நாக்குக்கடியில் வைத்துக்கொள்ளலாமா
என்றுகூட யோசித்தேன்.
உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.