பெரிய எக்ஸ்

அறுநூற்று நாற்பத்து நான்கு என்று
ஒற்றை வரியில் எழுதி
அடிவரை பரவட்டும் என்று விட்டேன்.
நாற்பது சர்வர்கள். மாலை ஐந்தே முக்கால்.
வின்னிபெக்கில் அதற்குள் கும்மிருட்டு.

கோப்புக்கு அந்த எண் போதும்.
கோப்புறைக்குப் போதாது.
அங்கே 'ஓட்டு' என்றால் 'நுழை' என்று பொருள்.

ஏழு மணிக்கு டெனிஸ் கூப்பிட்டான்:
"சம்பளப் பக்கம் செத்துப்போச்சு."

என் கணக்கிலிருந்து எட்டிப் பார்த்தேன்.
பெயர்கள் எல்லாம் தெரிந்தன.
அளவு, தேதி, உடையவர் இருக்கவேண்டிய இடத்தில்
வரிசையாகக் கேள்விக்குறிகள்.

இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலம்,
சாவி தொலைத்துவிட்டு
கட்டட வாசலில் அழைப்புமணிப் பலகையை
இப்படித்தான் வாசித்துக்கொண்டு நின்றேன்:
ஃப்ரீசன், கோவல்சுக், சின்க்ளேர்.
மைனஸ் முப்பத்தொன்று.

திருத்தம் ஓர் எழுத்துதான்.
சின்ன எக்ஸ் போட்டால்
கோப்பெல்லாம் ஓடத் துள்ளும்.
பெரிய எக்ஸ்
கோப்புறையை மட்டும் திறக்கும்;
ஏற்கெனவே துள்ளுவதைத் தொடாது.

முப்பத்தொன்பது சரியாயிற்று.

நாற்பதாவதில்
டெனிஸ் எனக்கு முன்பே கைவைத்திருந்தான்:
எழுநூற்று எழுபத்தேழு.
பதற்றத்தில் கதவையே கழற்றிச்
சுவரில் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறான்.
ஊர்ச் சம்பளம் முழுக்க வெட்டவெளியில்.

அதை மட்டும்
ஒவ்வொன்றாக, கையால்,
மூடிக்கொண்டிருக்கிறேன்.