இருபது எழுத்து அகலம்

ஜெலுத்தோங்கில் ஒரு மருத்துவமனை. அதன் பின்கட்டில்
ஜன்னலில்லாத அறை.
பழைய தரவுத்தளத்தைப் புது இயந்திரத்துக்கு மாற்றுமுன்
உள்ளே என்னதான் இருக்கிறதென்று எழுதித் தர
ஆறு வாரத்துக்கு என்னை எடுத்திருக்கிறார்கள்.

நோயாளிகளைப் பார்க்க அனுமதி இல்லை.
மிஸ் ஊய் கையெழுத்திட்ட தாள் சொல்கிறது:
வரிசை ஒன்றையும் திறக்கக் கூடாது,
சட்டகம் மட்டும்.
வீட்டுக்குள் போகாமல்
வரைபடத்தில் கதவுகளை எண்ணுகிற வேலை.

அதற்கென்றே உள்ளே இருக்கிறது
அட்டவணைகளைப் பற்றிய அட்டவணை.
யாரும் எழுதாமல் தானே எழுதிக்கொள்ளும் பேரேடு.
தன் பெயரையும் அதில் ஒரு வரியாகப் போட்டிருக்கிறது,
பந்தியில் தலை எண்ணுகிறவன்
தன் தலையையும் சேர்த்துக்கொண்டாற்போல.

கேட்டேன். சொன்னது.
இருநூற்றுப் பதினாறு அட்டவணை,
நாற்பத்தொன்று காலி.
நோயாளிக்குப் 'பெசாகிட்', உறவினருக்கு 'வாரிஸ்'.
அப்புறம் 'வாரிஸ்_பாரு', 'வாரிஸ்_பாரு2',
'வாரிஸ்_ஜாங்கான்_பாடம்' என்று
அழிக்காதே அழிக்காதே என மலாயில் கெஞ்சும் ஒன்று.

'பங்சா'வுக்கு ஒரு கட்டுப்பாடு:
எம், சி, ஐ, எல். நான்கில் ஒன்று.
வாய் திறக்காவிட்டால் எல், அதாவது மற்றவர்.
மதம் கட்டாயம்.
ரத்த வகை விருப்பம்.
சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை ஹஸ்னிஸா
என்னவென்று கேட்டாள், சொல்லவில்லை.

நோயாளியையும் உறவினரையும் கட்டியிருந்த கயிற்றை
2009 மார்ச்சில் யாரோ முடக்கியிருக்கிறார்கள்.
முடக்கியவர் பெயர் அட்மின்.
இந்தக் கட்டடத்தில் எது நடந்தாலும் அட்மின்தான்,
அப்படி ஒரு ஆள் சம்பளப் பட்டியலில் இல்லை.

கோப்பி ஓ ஆறிப்போயிருந்தது
நெடுவரிசைகளுக்கு வந்தபோது.
'நாமா'. எழுத்து வகை. அகலம் இருபது.

இருபதா?
தாளில் ரோமன் எழுத்தில் எழுதி
பேனா முனையால் எண்ணினேன்.
கனகசபாபதி: பதினைந்து. ஓர் இடைவெளி.
ஏ, சாய்கோடு, எல். இன்னோர் இடைவெளி.
தீர்ந்தது.
வைத்தியநாதனுக்கு இடமில்லை.

சுங்கை நிபோங் சந்திப்பில் அண்ணன் மோட்டாரோடு விழுந்த இரவு
அவன் மணிக்கட்டுப் பட்டையில் இப்படித்தான் இருந்தது.
கனகசபாபதி, மகன்.
அத்தோடு சரி.
யாருடைய மகன் என்று தாதி கேட்டாள்.
எதிரிலேயே நின்ற அப்பா, என் மகன், என்றார்.
அவருடைய ஐசியைக் கேட்டார்கள்.

அண்ணன் பிழைத்தான், பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டுகிறான்.
அப்பாதான் அதை விடவில்லை.
தன் பெயரை அடிக்க அலுப்புப்பட்ட கவுண்டர் பெண்ணை
பத்து வருடம் திட்டினார்,
தீபாவளி காலையில்கூட, எண்ணெய்த் தலையோடு.

அவள் முழுதாகத்தான் அடித்திருப்பாள்.
கடைசி எழுத்துவரை அடித்து,
சேமி என்று அழுத்தி,
அடுத்த எண்ணைக் கூப்பிட்டிருப்பாள்.
இந்த வரி இத்தனை நாளும் இங்கேயே இருந்தது,
கேட்டால் சொல்லியிருக்கும்.
கேட்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

என் பழைய கார்டு இன்னும் பர்ஸில் இருக்கிறது.
தேனு, மகள், வைத்தியநா.
பெயரைச் சின்னதாக வைத்தார்கள்,
எனக்குப் பத்தெழுத்து அப்பா கிடைத்தார்.

அறிக்கையில் எழுதினேன்:
'நாமா', இருபதிலிருந்து நூற்றைம்பது.
அகலத்தைக் கூட்டலாம், வெட்டுப்பட்டது முளைக்காது
என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மறுநாள் மிஸ் ஊய் வந்தார்.
வரிசைகளைத் திறக்க அவருக்கு அனுமதி உண்டு,
ஒன்று விடாமல் சரிபார்த்திருந்தார்.
"இருபதைத் தாண்டிய பெயர்
ஒன்றுகூட இல்லையே, தேனு.
எதற்கு நூற்றைம்பது?"

பர்ஸைத் திறந்து
கார்டை அவர் பக்கம் தள்ளினேன்.
படித்தார்.
கார்டைத் திருப்பிப் பார்த்தார்,
மிச்சம் பின்பக்கம் இருக்குமென்று.