பேட்டரி தனி

ஸ்டூடியோ நிலவறையில் இருக்கிறது.
மேலே டிராம் போனால் நிறுத்த வேண்டும்,
போன பின் மறுபடி முதலிலிருந்து.
"இன்னும் கொஞ்சம் சிரிப்பு, ஹொரியா,
'இன்றே' என்ற சொல்லில்" என்கிறான்
கண்ணாடிக்கு அப்பாலிருந்து லிவியு.
சிரிக்கிறேன்.
பல் தெரியச் சிரித்தால் குரலிலும் பல் தெரியும்,
தொழிலில் முதல் பாடம் அது.

ஓநாய்க் குட்டி. சாம்பல் நிறம்.
தொட்டால் ஊளையிடும், இருட்டில் கண் மினுங்கும்.
விலை முன்னூற்று இருபது லெய்.
அதை நான் சொல்வதில்லை,
எறும்பு எழுத்தில் திரையின் அடியில் ஓடிவிடும்.
நான் சொல்வது:
"உன்னிடம் இன்னும் இல்லையா?
அப்பாவிடம் இன்றே கேள்!"
பிறகு மூச்சு விடாமல், ஒரே இழுப்பில்:
பேட்டரிதனியாகவாங்கவேண்டும்.
அந்த ஒரு வரியைப் பதினோரு முறை எடுத்தோம்.
சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும்,
காதில் விழாத மாதிரியும்.
கூலி பரவாயில்லை.
புக்கரெஸ்டில் ஒரு குளிர்காலத்தின்
வெந்நீர்க் கட்டணம் அதில் போகும்.

டிசம்பர். இலிங்காவுக்கு ஆறு வயது.
அன்காவுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி.
நான் அடுப்படியில்
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோதே
முன்னறையில் கார்ட்டூன் நடுவே
நான் வந்துவிட்டேன்.

ஓடி வந்தாள்.
"அப்பா, இன்றே கேட்கச் சொன்னார்."
"யார்?"
"அந்த மாமா. அவருக்கு என்னைத் தெரியும்.
என்னிடம் இல்லை என்றுகூடத் தெரிந்திருக்கிறது."

கத்தி நின்றது.
அது நான்தான் என்று சொல்லவில்லை.
"வேண்டாம்" என்றேன்.
என்ன குரல் அது!
தொண்டையில் உமி சிக்கிய மாதிரி.
பின்னால் இசை கிடையாது,
மறுபடி எடுக்கலாம் என்று சொல்ல
லிவியு கிடையாது.

"ஏன் வேண்டாம்?"
"முயல் வாங்கினோமே, மூன்று நாள் விளையாடினாயா?
அப்புறம் அந்தப் பேசும் கேக் அடுப்பு."
"இது ஓநாய்."
நியாயம்தான்.

காசில்லை என்று சொல்லியிருக்கலாம்.
எத்தனை எளிய சொல், எத்தனை வீடுகளில்
உண்மையாகவும் இருக்கும் சொல்.
ஆனால் வாய்விட்டுக் கேட்டால் போதும்,
லிவியு ஒரு பெட்டியையே தூக்கித் தருவான்.
சும்மா கிடைப்பதை மறுக்க
வேறு காரணம் வேண்டும். தேடினேன்.
உருளைக்கிழங்குத் தோலுக்கிடையில்
அது இல்லை.
"ஏனென்றால் நான் உன் அப்பா" என்றேன் கடைசியில்.
என் காதுக்கே போதவில்லை.

தரையில் விழுந்தாள். குதிகாலால் உதைத்தாள்.
கீழ்வீட்டு வியோரிகா அம்மையார்
வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் தட்டினார்.
அதற்குள் முன்னறையில் மறுபடியும் நான்,
சற்றும் களைக்காமல்:
உன்னிடம் இன்னும் இல்லையா...

ஊர் வாயை மூட முடியாது என்பார்கள்.
என் வாய்க்கு ஒரு பொத்தான் இருந்தது.
அழுத்தினேன்.
'அப்பாவிடம் இன்' என்பதோடு
நின்றுபோனேன்.

அமைதி கொஞ்ச நேரம் காதில் அடைத்தது.
தேம்பல். பிறகு விக்கல்.
பிறகு, "உப்பு அதிகம்" என்று சொல்லிக்கொண்டே
கிழங்கு முழுவதையும் தின்றாள்.

பாத்திரம் கழுவும்போது கைபேசி அதிர்ந்தது.
லிவியு: செவ்வாய் காலை பத்து மணி.
பறக்கும் குதிரை. சிரிப்பு நிறைய வேண்டும்.
ஈரக் கையோடு பார்த்தேன்.
பதில் போடவில்லை.
போடமாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை,
ஜனவரி இன்னும் குளிரும்.

விளக்கணைக்கும் முன்
வழக்கமான முத்தம் கேட்டேன்.
சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தவள்
வெகுநேரம் யோசித்தாள்.
எழுந்து, கன்னத்தில் ஒன்று வைத்தாள்.
வைத்துவிட்டு, ஒரே மூச்சில்,
ஒரே டேக்கில்:
"பேட்டரிதனியாகவாங்கவேண்டும்."

முன்பல் இரண்டும் போன வாரம்தான் விழுந்திருந்தன.
குரலில் எல்லாப் பல்லும் தெரிந்தது.