நான்காம் நாள்: பிற்பகல் உங்கள் விருப்பம்

சையது ஆல்வி சாலை, இரண்டாம் மாடி,
இரவு பதினொன்று பத்து.
ஃபெஸ் நகரில் அப்போது மாலை நான்கு பத்து.
ஒரு நேரத்தைச் சுவரில் மாட்டி
இன்னொன்றை மணிக்கட்டில் கட்டி
விழித்திருக்கிறேன்.
மேசைக்கு அவசர உதவி என்று பெயர்.
பெரும்பாலும் அவசரம் என்பது
வெள்ளித் தேத்தண்ணிக் குவளைக்கு
எவ்வளவு பேரம் பேசலாம் என்பதுதான்.

முதல் அழைப்பு, புக்கிட் பாத்தோக் கோமளவல்லி.
"தொலைஞ்சு போயிட்டேன்மா. அவளையும் காணோம்."
யாரை?
"தங்கச்சியை. கம்பளக் கடையில சண்டை.
சிவப்பு உன் ஹாலுக்கு ஒத்துவராதுன்னேன்.
ஹால் என்னோடதுதானேன்னு எழுந்து போயிட்டா."

என்ன தெரிகிறது, சொல்லுங்கள்.
"சுவர்."
அப்புறம்?
"இன்னொரு சுவர்.
நடுவுல ஒரு கழுதை, முதுகுல கேஸ் சிலிண்டர்.
பின்னால ஒருத்தன் பாலாக் பாலாக்னு கத்துறான்.
பால் விக்கிறானா?"
வழி விடச் சொல்கிறான் அம்மா,
சுவரோடு ஒட்டி நில்லுங்கள்.

கழுதை கடந்து போகும் சத்தம்
என் மேசைக் கண்ணாடிவரை கேட்டது.

"நீ இங்க வந்திருக்கியாம்மா?"
மூன்று முறை என்றேன்.
என் கடப்பிதழ்
ஜொகூர் பாலத்தைத் தாண்டியதில்லை.
ஆனால் ஐந்து வருடமாய்
போனவர்கள் அனுப்பிய படங்களை ஒட்டி ஒட்டி
வண்ணப் பென்சிலால் நானே வரைந்த
ஒரு ஃபெஸ் இருக்கிறது, இழுப்பறையில்.
நீல வாசல், உள்ளே திரும்பிப் பார்த்தால் பச்சை.
பெரிய சரிவுத் தெரு, சின்ன சரிவுத் தெரு.
இறங்கினால் பள்ளிவாசல், ஏறினால் வாசல்.
அவ்வளவுதான் ரகசியம்.
தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுமோ
அந்தப் பக்கம் இறங்குங்கள், அம்மா.

அதற்குள் மற்ற தொலைபேசி.
"நான் சௌந்தரி. ஒரு மொட்டை மாடியில நிக்கிறேன்,
புதினா கொடுத்தாங்க, மூக்குல வச்சுக்க.
கீழே தோல் ஊறுது,
குழி குழியா மஞ்சள், வெள்ளை, செம்மண் கலர்.
தைப்பூச அன்னதானத்துக்கு
சாம்பார் வாளி அடுக்கி வச்ச மாதிரி.
ஆனா நாத்தம் சாமி!"
புறா எச்சம் அம்மா. தோல் மிருதுவாக அதைத்தான் கலப்பார்கள்.
"ஐயோ. அக்காகிட்ட சொல்லாதீங்க,
பை ஒண்ணு வாங்கிட்டேன்."

வலது காதில் அக்கா, இடது காதில் தங்கை.
ஒருத்தியை இறக்கினேன், ஒருத்தியை ஏற்றினேன்.
வாளிக்காரர், நூல்காரர்,
கொட்டைகளைக் குவித்து விற்கும் பையன்,
எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.
ஒரே ஒரு முறை
வரைபடத்தில் இல்லாத சந்து ஒன்று வந்தது.
கோமளவல்லி நின்றுவிட்டாள்.
"இப்போ எந்தப் பக்கம்?"
எனக்குத் தெரியவில்லை.
மூன்று முறை போனவள் தெரியாது என்று சொல்ல முடியுமா?
சத்தம் கேட்கிறதா பாருங்கள் என்றேன்.
டங்.
செம்பு அடிக்கிறார்கள்.
அந்தச் சத்தம் பெரிதாகும் பக்கம் நடங்கள்.

டங். டங்.
வலது காதில் வளர்ந்தது.
பிறகு இடது காதிலும், அரை நொடி பிந்தி.
டங்-டங். டங்-டங்.
ஒரே சுத்தியல்,
இரண்டு தொலைபேசிகள் வழியாக
என் தலைக்குள் வந்து சந்தித்தது.
அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் முன்பே
அவர்கள் சேர்ந்துவிட்டது எனக்குத் தெரியும்.
மூச்சை அடக்கிக் காத்திருந்தேன்.

"என்னடி இது கையில?"
"பை."
"எவ்வளவு?"
பிறகு இரண்டு இணைப்பும் துண்டிக்கப்பட்டன.
யாரும் நன்றி சொல்லவில்லை.

கீழே போய் ஒரு தே ஓ வாங்கி வந்தேன்.
தெருவில் சாமான் வண்டி தள்ளியவர்
எக்ஸ்கியூஸ் எக்ஸ்கியூஸ் என்று கத்தினார்.
சுவரோடு ஒட்டி நின்றேன்.

மறுவாரம் மதிப்பீடு வந்தது.
அக்கா ஐந்து நட்சத்திரம்.
தங்கை இரண்டு:
அக்காவுக்குத்தான் முதலில் வழி சொன்னார்கள்.

பயணத் திட்டத்தைத் திறந்து
நான்காம் நாள் வரியை அழித்துவிட்டு
வழிகாட்டியுடன் மட்டும் என்று தட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பழையபடியே போட்டேன்.
இழுப்பறையிலிருந்து ஃபெஸ்ஸை எடுத்து
அந்தச் சந்தை மட்டும் வரைந்தேன்,
எங்கே முடிகிறது என்று தெரியாமல்,
தாளின் ஓரம்வரை.