உறவுமுறை

பள்ளிக்கூடப் படிவத்தில் பாதுகாவலர் என்றொரு பெட்டி.
இல்லத்தில் இருந்தவரைக்கும் அதில்
ஊதா முத்திரை ஒன்று விழும்.
இல்லத்தை மூடின வருசம்
யூட்சன் தன் பெயரை எழுதினான்,
பதினேழு வயதில், இடது கையால்,
ஒரு எழுத்துப் பிழையோடு.
நான் திருத்தவில்லை.

நாலு பேர்.
விசுவமடுவில் வாடகைக்கு ஒரு கடையறை,
ஒரு கேத்தல், இரண்டு பாய்.
றாத்தல் பாணை நூலால் நாலாய் அறுப்பான் மொழியரசன்.
கருகாத நடுத்துண்டு எப்பவும் அகரனுக்கு.
கடைசியாய் வந்தவன் அவன்.
தோள்மூட்டுக்குள் செல்துண்டு கிடக்கிறவன்.
முதல்நாளே சொல்லிவிடுவான், நாளைக்கு மழையென்று.

கல்லாற்றில் இரவில் மணல்.
அனுமதிச்சீட்டு இல்லாத மணல்.
இரண்டு மணிக்குள் பெட்டி நிறைய வேணும்.
சவள் கல்லில் படாமல்
பிள்ளைத்தாச்சியைத் தூக்குகிற மாதிரி
அள்ளப் பழகினோம்.
தோள் அகன்றது. குரல் உடைந்தது.
மொழியரசனின் முதல் மீசையை
ஆற்றுக்கு நடுவில் ரோச் அடித்துப் பார்த்தோம்,
சிரிப்பை வாய்க்குள் பொத்திக்கொண்டு.

ரோச் என் கையில்தான் இருக்கும்.
என் வேலை அதுதான்.

ஆவணியில் பொலிஸ் வந்தது.
நாய்கள்கூடக் குரைக்காத பாதையால்
நேரே வந்தது.
மிசின் போனது. முதலாளியின் நட்டம்
எங்கள் கணக்கில் ஏறியது.
அகரனின் போனில் ஒரு இலக்கம்:
முதல்நாள் இரவு பத்து ஏழுக்கு, நாற்பது விநாடி.
ஆரெண்டு கேட்டதற்கு
அவன் சொல்லவில்லை.

யூட்சன் கத்தவில்லை.
“பூச்சி, வெளிச்சத்தைப் பிடி” என்றான்.
பிடித்தேன்.
சவளின் பிடி முதல்தரம் இறங்கினபோது
என் கை ஆடி
வட்டம் மணலுக்குப் போனது.
“நேராப் பிடி.”
நேராகப் பிடித்தேன்.

எனக்கு டெங்கு வந்த ஏழு இரவும்
ஈரத்துணி மாற்றின கை அது.
அதே கை. அதே கவனம்.

அகரன் என்னைப் பார்க்கவில்லை,
வெளிச்சத்தைப் பார்த்தான்.
கண் கூசுமேயென்று
கொஞ்சம் இறக்கியிருக்கலாம்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
“பொடியனோட வந்தது ஆர்?”
மண்ணீரல் கிழிஞ்சிருக்கு, உடனே வெட்ட வேணும்,
சொந்தக்காரர் ஒராள் ஒப்பம் வைக்க வேணும்.

பதினெட்டு முடிந்து அறுபத்தொரு நாள்.
அடையாள அட்டை இலக்கத்தை
முதல்தடவை எழுதினேன்.
பெயர். விலாசம்.
உறவுமுறை.

பேனை அங்கே நின்றது.
தாதி ஒருக்கால் மணிக்கூட்டைப் பார்த்தாள்.
சகோதரன் என்று எழுதினேன்.
காயம் எப்படியெண்டு கேட்டா.
மிசினால விழுந்தவன் என்றேன்.
ஒரே பேனை, ஒரே மை,
ஒன்று உண்மை, ஒன்று பொய்,
எது எதுவென்று
அந்தநேரம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

வெளியில் யூட்சன்
மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல்,
கையில் பாண் பார்சலோடு.
“சொன்னியா?”
“இல்லை.”
“உயிரோட இருக்கிறானோ?”
அதை அவன் இரண்டாவதாய்த்தான் கேட்டான்.
ரோச்சை அவன் சேட்டுப் பைக்குள் வைத்துவிட்டு
உள்ளே திரும்பி நடந்தேன்.
பார்சலை வாங்கவில்லை. பசித்தது.

அகரனின் போன் இப்போது என்னிடம்.
அந்த இலக்கம் பாடமாகிவிட்டது.
இன்னும்
எடுத்துப் பார்க்கவில்லை.